பேர்ப்பலகையும் ஒரு 'ள'வும்

பொட்டி தட்டுற பொழப்புல இருக்குற நமக்கு "ஆணி"ன்னா என்ன அர்த்தம்னு யாரும் விளக்கத் தேவையில்லை. இன்னைக்கு ஆபிஸ்ல நிறைய ஆணி, ரெண்டு நாளா புடுங்கிட்டிருக்கேன், புடுங்கினது பூராவும் தேவையில்லாத ஆணி... இப்படித்தான் நம்ம பொழுது போகுது. ஆனா நான் நிஜமாவே ஏணியில ஏறி, செவுத்துல இருந்து திருகாணியைக் கழட்டின ஒரு நாள் உண்டு. ஒரு வாடிக்கையாளர் கண்டபடி திட்டினதுக்கு அப்புறம். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன். கொசுவத்தியைச் சுத்த விடுங்க. வருஷம் 2022.

எங்க ஊர் பூலாம்பாடி. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை தாலுகா. பக்கத்துல பச்சைமலை. கூப்பிடு தூரத்துல அரும்பாவூர், மரச்சிற்பத்துக்காக 2020-ல புவிசார் குறியீடு வாங்கின ஊர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் இதை விட்டா எங்க பக்கத்து ஆளுங்களுக்குத் தெரிஞ்ச இன்னொரு பயிர் மலேசியா. தெருவுக்கு நாலு வீட்டுலயாவது ஒருத்தர் அங்க இருப்பாரு. காசு அங்க இருந்து வரும், வீடு இங்க எழும்பும். வீடு எழும்பினா அதுக்கு ஒரு பேர் வேணும். பேர் வேணும்னா எங்க மாமா வேணும்.

மாமான்னா அம்மாவோட தம்பி. சின்ன வயசுலயே பிரஷ் பிடிச்சவர். சுவர் விளம்பரம், கட்சி எழுத்து, மளிகைக் கடை போர்டு, லாரிக்குப் பின்னாடி எழுதுறது, எல்லாம் செஞ்சிருக்கார். சாக்பீஸ் தடவின நூலை ரெண்டு பக்கமும் பிடிச்சு ஒரு சுண்டு சுண்டுவார். சுவத்துல கோடு விழும். அந்தக் கோட்டுக்கு மேல எழுத்து உக்காரும். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே அவர் எழுதின சுவத்துலதான்னு அம்மா சொல்லும்.

அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்துச்சு. பத்து நாள் எழுதுற வேலையை மெஷின் பத்து நிமிஷத்துல துப்புச்சு. மாமாவும் வேற வழியில்லாம ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கோரல் டிரா கத்துக்கிட்டு, டிசைன் போட்டு பிரிண்டுக்கு வெளிய அனுப்ப ஆரம்பிச்சார். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி. 2019 செப்டம்பர் 12-ஆம் தேதி சென்னை பள்ளிக்கரணையில சுபஸ்ரீங்கற பொண்ணு மேல பேனர் விழுந்து, பின்னாடி வந்த லாரி ஏறி இறந்துபோனாங்களே, நம்மள்ல நிறைய பேர் அன்னைக்குக் கோவமா பதிவு எழுதினோம். அந்தப் பொண்ணும் என்னை மாதிரியே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி ஊழியர்தான். வேலை முடிஞ்சு ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போயிட்டிருந்தாங்க. அந்த வாரம் மாமா ரொம்பப் பேசவே இல்லை. "இனிமே ரோட்டோரம் நிக்கிறது எதுவும் செய்ய வேணாம் மாப்ள"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு அப்புறம்தான் முழுசா அக்ரிலிக் எழுத்து, ஸ்டீல் எழுத்து, கிரானைட்ல செதுக்குற பேர்ப்பலகைன்னு இந்தப் பக்கம் வந்தார். செவுத்தோட செவுறா நிக்கிற வேலை.

கொரோனா புண்ணியத்துல நான் 2020-ல இருந்து ரெண்டு வருஷத்துக்கு மேல வீட்டுல இருந்தே வேலை பார்த்தேன். நம்ம வேலை ராத்திரிதான் சூடு பிடிக்கும். பகல்ல சும்மா இருக்குற நேரத்துல மாமா கடையில போய் உக்காந்துக்குவேன். டிசைன் என் பொறுப்பு. இன்ஜினியரிங் படிச்ச பையன் டிசைன் பண்றான்னு மாமா எல்லார்கிட்டயும் சொல்லுவார். எனக்கும் உள்ளுக்குள்ள பெருமைதான், மறைப்பானேன்.

இப்ப மேட்டருக்கு வருவோம்.

2022 ஏப்ரல்ல மலேசியாவுல இருந்து ஒருத்தர் வாட்ஸ்அப்ல பேசினார். எங்க ஊர்க்காரர்தான், அங்க போயி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. புது வீடு முடிஞ்சிருச்சு, வாசலுக்கு மேல பேர் வைக்கணும், அம்மா பேர்ல. அம்மா 2021 ஜூன்ல, ரெண்டாவது அலையில இறந்துட்டாங்க. அப்ப எல்லை மூடிக் கிடந்துச்சு, அவரால வர முடியலை. காரியம் எல்லாத்தையும் போன்லயே பார்த்தாராம். 2022 ஏப்ரல் 1-ல இருந்து மலேசியா எல்லையைத் திறந்துட்டாங்க. ஜூன்ல முதல் வருஷத் திதிக்கு வர்றார். அதுக்குள்ள போர்டு ரெடியாகணும்.

பேர் 'கௌசல்யா இல்லம்'. (நிஜப் பேரை மாத்தியிருக்கேன். ஆனா எழுத்துச் சிக்கல் அதே சிக்கல்தான், அது மாறினா கதையே இல்லை.)

கறுப்பு ஏசிபி ஷீட்டு, அதுக்கு மேல எட்டு மில்லிமீட்டர் கனத்துல அக்ரிலிக் எழுத்து, தங்கக் கலர். ஒவ்வொரு எழுத்தும் ஷீட்டுல ஒட்டாம ஸ்பேசர்ல கொஞ்சம் தூக்கி நிக்கும், நிழல் விழுந்து அழகா இருக்கும். மொத்தம் 18,500 ரூபாய். 10,000 அட்வான்ஸ் போட்டுட்டார். நான் டிசைன் அனுப்பினேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். திருச்சியில கட்டிங் கொடுத்து, அவர் வர்றதுக்கு மூணு நாள் முன்னாடி போர்டு மாட்டியாச்சு.

திதிக்கு முந்தின நாள் மத்தியானம் கடை போன் அடிச்சுது. மாமா சாப்பிடப் போயிருந்தார். நான்தான் எடுத்தேன்.

"என்ன போர்டு வச்சிருக்கீங்க? என் அம்மா பேரைக் கேலிக்கூத்து ஆக்கிட்டீங்களே! என் பொண்ணு வாசல்ல நின்னு கெ...ள...சல்யான்னு படிக்குது. சொந்தக்காரன் பூரா சிரிக்கிறான்."

அந்தப் பொண்ணு அங்க தமிழ்ப்பள்ளியில படிக்குது. மலேசியாவுல 500-க்கும் மேல தமிழ்ப்பள்ளிகள் இருக்கு, தெரியும்ல? நம்ம ஊர்ப் பிள்ளைங்க மாதிரி பழக்கத்துல முழு வார்த்தையா முழுங்காம, எழுத்து எழுத்தா ஒழுங்கா படிக்குது. ஒழுங்கா படிச்சா அது 'கெளசல்யா'தான்.

இங்க ஒரு சின்ன தொழில்நுட்ப இடைவேளை. இது நம்ம எல்லாருக்கும் உள்ள வியாதிங்கறதால சொல்லிடுறேன். 'கௌ'ங்கற எழுத்துல பின்னாடி வர்ற குறி பார்க்க 'ள' மாதிரியே இருக்கும். ஆனா அது ள இல்லை, ஔகாரக் குறி. யூனிகோடுல அதுக்குத் தனி எண், ளகரத்துக்குத் தனி எண். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் கெ-ன்னு அடிச்சு பக்கத்துல ள-வைப் போட்டுட்டுப் போயிடுவோம். கண்ணுக்கு ஒண்ணுதான். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற. உங்க பழைய பதிவுல ஒரு 'கௌ'வைத் தேடிப்பாருங்க, பாதி மாட்டும், பாதி மாட்டாது. அச்சுக்கடைகள்ல இன்னும் புழங்குற பழைய எழுத்துருக்கள்ல இன்னும் மோசம், பலதுல கொம்பு, க, ளன்னு மூணு தனித்தனி உருவாத்தான் தட்டணும்.

இவர் வாட்ஸ்அப்ல அனுப்பினதே 'கெளசல்யா'தான். ள-வோட. எனக்கு அந்த நிமிஷம் பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. வந்த உடனே வாயும் வந்துச்சு.

"அண்ணே, நீங்க எப்படி அனுப்பினீங்களோ அப்படியேதான் வச்சிருக்கோம். டிசைனையும் பார்த்து ஓகே சொன்னீங்க. மெசேஜ் இருக்கு, வேணும்னா ஸ்கிரீன்ஷாட் அனுப்பட்டுமா?"

ஆபிஸ்ல நாங்க இப்படித்தான். கிளையன்ட் பிழைன்னு கத்தினா, முதல் வேலையா அவங்க கையெழுத்துப் போட்ட மெயிலைத் தோண்டி எடுக்குறது. பிழை எங்கன்னு அப்புறம் பார்த்துக்கலாம், பிழை யாருதுன்னு முதல்ல முடிவாகணும். எனக்கு அது தப்பாவே தெரியலை, சுத்தபத்தமா வேலை பார்க்குறதா நினைச்சுட்டிருந்தேன்.

அந்தப் பக்கம் ரெண்டு செகண்டு சத்தமே இல்லை. அப்புறம் ரொம்ப மெதுவா சொன்னார். "வந்து கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க. பாக்கிப் பணமும் தரமாட்டேன், கொடுத்த பணமும் வேணாம். நாளைக்குத் திதி. அது என் கண்ணுல படக்கூடாது." வச்சுட்டார்.

கத்தினப்ப வராத பயம் அவர் மெதுவா பேசினப்ப வந்துச்சு.

மாமா வந்தார். நான் நடந்ததை எனக்குச் சாதகமா சொன்னேன், ஸ்கிரீன்ஷாட்டையும் காட்டினேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனாக்கூட நம்ம பக்கம் நிக்கும்னேன். மாமா போனைப் பார்க்கவே இல்லை. "கோர்ட்டு எங்கயோ இருக்கு மாப்ள. போர்டு நம்ம தெருவுல இருக்கு. ஏணியை எடு"ன்னார்.

ஏணியைப் பார்த்தா கழட்டப் போறோம்னுதான் நான் நினைச்சேன்.

அந்த வீட்டுல ஒரே கூட்டம். வாசல்ல பந்தல் போட்டுட்டிருந்தாங்க. அவர் எங்களைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். மாமா திண்ணையில உக்காந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே"ன்னார். திட்டுறவன் கிட்டயே தண்ணி கேக்குறாரேன்னு எனக்கு ஒரே கூச்சம். தண்ணியைக் குடிச்சு முடிச்சு, "அண்ணே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்ப்போம், வாங்க"ன்னார். அவர் முறைச்சுக்கிட்டேதான் வந்தார். மூணு பேரும் எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில நின்னு போர்டைப் பார்த்தோம்.

அங்க இருந்து பார்த்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. பெரிய போர்டு, சின்ன பேர். இடத்தை நிரப்பணும்னு எழுத்துக்கு எழுத்து இடைவெளியை இழுத்து விட்டது நான்தான். கொம்பு, க, ள மூணு உருவுக்கும் நடுவுல சமமா இடைவெளி. 'ச'வுக்கும் 'ல்'லுக்கும் நடுவுல எவ்வளவோ அவ்வளவே 'க'வுக்கும் 'ள'வுக்கும் நடுவுல. அது ஒரே எழுத்தோட உறுப்புன்னு பார்க்குறவனுக்கு எப்படித் தெரியும்? நெருக்கி வச்சிருந்தா அவர் எப்படி டைப் பண்ணியிருந்தாலும் கண்ணு அதைக் 'கௌ'ன்னுதான் படிச்சிருக்கும். கம்ப்யூட்டர் திரையில ஒரு ஜாண் அகலத்துல பார்த்தப்ப எல்லாம் நெருக்கமாத்தான் தெரிஞ்சுது. ஏழடி போர்டுல அது பிரிஞ்சு நிக்குது.

ஸ்கிரீன்ஷாட் பாக்கெட்டுல கனக்குற மாதிரி இருந்துச்சு.

மாமா சொன்னார்: "எனக்கும் அப்படித்தாண்ணே படிக்க வருது. இடைவெளி கூடிப்போச்சு. அது எங்க தப்பு."

அவ்வளவுதான். 'ஆனா'ன்னு ஒரு வார்த்தை சேர்க்கலை. நீங்க அனுப்பினதும் தப்புன்னு சொல்லலை. அதே சமயம் எல்லாத்துக்கும் மன்னிச்சுக்கங்கன்னு கால்ல விழவும் இல்லை. எங்களுது எதுவோ அதை மட்டும் எடுத்துக்கிட்டார். அவருக்கும் மேல என்ன சண்டை போடுறதுன்னு தெரியலை. "அது மட்டும் இல்லப்பா..."ன்னு ஆரம்பிச்சார், முடிக்கலை. எது சரியில்லைன்னு அவருக்கே தெரியலைங்கறது முகத்துல தெரிஞ்சுது.

அதைச் சொன்னது அவரோட அக்கா. அவங்க ஊர்லயே இருக்குறவங்க, கடைசி வரைக்கும் அம்மாவைப் பார்த்துக்கிட்டவங்க. வாசல்ல வெங்காயம் உரிச்சுட்டிருந்தவங்க நிமிராமலே சொன்னாங்க: "எப்படி எழுதினாலும் அது அம்மா பேரு இல்ல தம்பி."

உள்ள போய் ஒரு மஞ்சப்பையை எடுத்துட்டு வந்தாங்க. ரேஷன் கார்டு, நூறு நாள் வேலை அட்டை, கூட்டுறவு சொசைட்டி பாஸ்புக். எல்லாத்துலயும் 'கவுசல்யா'. பாஸ்புக்ல கையெழுத்தும் இருந்துச்சு, நடுங்கி நடுங்கி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு புளியங்கொட்டை சைஸ்ல: க, வு, ச, ல், யா.

"தொண்ணூறுல அறிவொளி வகுப்பு வந்துச்சுல்ல, அப்ப ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல அம்மா கத்துக்கிட்டது. பேர் எழுதத்தான் கத்துக்கிச்சு, வேற எதுவும் வரலை. நூறு நாள் வேலையில கைநாட்டு வைக்கச் சொன்னா கோவம் வந்துரும். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்னு சண்டைக்கு நிக்கும்."

தம்பிக்காரர் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துக்கிட்டே இருந்தார். அவருக்கு அம்மா பேர் பாஸ்போர்ட்டுல இங்கிலீஷ்ல தெரியும். போன்ல அந்த இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினா, போனே ஒரு தமிழைக் கொடுக்கும், அதை அனுப்பிட்டார். இத்தனை வருஷத்துல அம்மா தன் பேரை எப்படி எழுதும்னு பார்க்குற சந்தர்ப்பம் வரலை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லலை. சொல்லத் தேவையும் இல்லை.

நீங்க கேப்பீங்க, 'கௌ'தானே சரி, 'கவு'ன்னு எழுதுறது கொச்சை இல்லையான்னு. நானும் அன்னைக்கு ராத்திரி அதைத்தான் நினைச்சேன். அப்புறம் தேடிப் படிச்சேன். அகரமும் உகரமும் சேர்ந்தா ஔகாரம் மாதிரி ஒலிக்கும்னு தொல்காப்பியத்துலயே இருக்கு. ஐ-க்கு அய், ஔ-வுக்கு அவ்னு எழுதுறதைப் பள்ளிக்கூட இலக்கணத்துல போலின்னு படிச்சிருக்கோம். பெரியார் தன் எழுத்துச் சீர்திருத்தத்துல இந்த ரெண்டு எழுத்தையுமே விட்டுட்டு அய், அவ்னு எழுதச் சொன்னவர். 1978-ல எம்.ஜி.ஆர். அரசு சீர்திருத்தத்தை ஆணையா போட்டப்ப ணை, லை, னை, றா, னா மாதிரி 13 எழுத்துகள்தான் மாறுச்சு, ஐயும் ஔவும் அப்படியே தங்கிருச்சு. ஆக, அந்த அம்மா எழுதினது பிழையே இல்லை. சரி, பிழையாவே இருந்தாலும்தான் என்ன? அது அவங்க பேர்.

மாமா நேரத்தை வீணாக்கலை. "நாளைக்கு எத்தனை மணிக்குண்ணே சாமி கும்பிடுறீங்க?"

"பத்து மணிக்கு."

"எட்டு மணிக்குள்ள போர்டு சரியா இருக்கும்."

வெளிய வந்ததும் நான் கேட்டேன், திருச்சிக்கு அனுப்பி கட்டிங் வாங்கவே ரெண்டு நாள் ஆகுமே, எப்படி? மாமா கைவிரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கிட்டே வந்தார். "'சல்யா இல்லம்' அப்படியே இருக்கட்டும். கொம்பையும் ள-வையும் எடுத்துடுவோம். 'க'வை இடது பக்கம் நகர்த்தினா கொம்பு இருந்த ஓட்டையை அது மூடிக்கும். 'க' இருந்த இடத்துக்கும் 'ள' இருந்த இடத்துக்கும் சேர்த்து ஒரு 'வு' வரும். நமக்கு வேண்டியது ஒரே ஒரு எழுத்து."

மூணு உரு போயி ரெண்டு உரு. அகலம் கிட்டத்தட்ட சரியா வருது. இதை அவர் கம்ப்யூட்டர் இல்லாம, நடந்துக்கிட்டே போட்டார் மக்களே. நான் போய் கோரல்ல வச்சுப் பார்த்தேன். அரை விரல்கடை வித்தியாசம்.

ராத்திரி கடையிலயே வேலை. எனக்கு ஆபிஸ்ல ஒரு மீட்டிங் இருந்துச்சு, உடம்பு சரியில்லைன்னு பொய் சொல்லிட்டேன். 'வு'வை அதே எழுத்துருவுல பிரிண்ட் எடுத்து, மிச்சம் கிடந்த எட்டு மில்லி ஷீட்டு மேல ஒட்டினோம். ஜிக்சாவுல வெட்டணும். அக்ரிலிக்ல ஒரு தொல்லை என்னன்னா, வேகமா வெட்டினா சூட்டுல உருகி, பிளேடு போன பின்னாடியே மறுபடி ஒட்டிக்கும். அதனால மெதுவா, நடுநடுவே நான் சொட்டுச் சொட்டா தண்ணி விட, மாமா வெட்டினார். நேர்கோடு எல்லாம் சுலபமா வந்துச்சு. 'வு'வோட கீழ் வளைவுலதான் அவர் கை ஒரு தடவை நின்னுச்சு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டார். "பிரஷ்னா ஒரே இழுப்பு மாப்ள"ன்னு சொல்லிட்டு மறுபடி ஆரம்பிச்சார். அப்புறம் அரம், அப்புறம் உப்புத்தாள், நம்பர் மாத்தி மாத்தி. தங்கக் கலர் ஸ்பிரே அடிச்சு முடிக்கும்போது மணி மூணு.

காலையில ஆறரைக்கு ஏணியில ஏறினது நான். திருகாணியைக் கழட்டி ள-வை எடுத்துக் கீழே கொடுத்தேன், கொம்பைக் கொடுத்தேன். 'க'வை நகர்த்தி மாட்டினோம். 'வு' உக்காந்துச்சு. இந்தத் தடவை இடைவெளியை மாமா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு கையைக் காட்டிச் சொல்லச் சொல்ல நான் வச்சேன், ஸ்கேல் வச்சு இல்லை. ரெண்டே ஓட்டைதான் வெளிய தெரிஞ்சுது, கறுப்பு சிலிகான் வச்சு அடைச்சாச்சு. கிட்டப் போய் உத்துப் பார்த்தா 'வு'வோட தங்கம் மத்த எழுத்தை விட ஒரு பொட்டு வெளுப்பா இருக்கும். இன்னைக்கும் இருக்கு.

அந்தப் பொண்ணு வாசல்ல வந்து நின்னு படிச்சுது. "கவுசல்யா இல்லம்." ஒரே மூச்சுல. அக்காகாரங்க முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டே உள்ள போயிட்டாங்க.

அவர் பாக்கி 8,500-ஐ எண்ணிக் கொடுத்தார். "புது எழுத்துக்கு எவ்வளவு?"ன்னு கேட்டார். "வு-க்குக் காசு வேணாம்ணே, அதுக்குப் பதிலா ள-வை நாங்க எடுத்துக்கிறோம்"னு மாமா சொன்னார். அவர் சிரிக்கலை. எங்களைச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு உக்கார வச்சார்.

கிளம்பும்போது என்னைத் தனியா கூப்பிட்டார். நன்றி சொல்லப் போறார்னு நினைச்சேன். "தம்பி, நீங்க போன்ல சொன்னது சரிதான். நான்தான் அப்படி அனுப்பினேன். பார்த்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நேத்து அதைச் சொல்லியிருக்க வேணாம்."

இவ்வளவுதான் கதை. எனக்கு ஆபிஸ்ல கிடைச்ச எந்தப் பயிற்சி வகுப்பும் இந்த ஒரு வரிக்குப் பக்கத்துல நிக்காது.

அதுக்கப்புறம் கடையில சில பழக்கங்களை மாத்தினோம். போர்டு வேலை பார்க்குறவங்க யாராவது இதைப் படிச்சா உதவும்னு சொல்றேன். மத்தவங்களுக்கும் பொருந்தும்னு நினைக்கிறேன்.

ஒண்ணு, பேரை டைப் பண்ணி வாங்குறதில்லை. ஒரு தாள்ல கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றோம். இறந்தவங்க பேர்னா, அவங்க கையெழுத்தோ ரேஷன் கார்டோ ஒரு தடவை பார்த்துடுறோம்.

ரெண்டு, டிசைனை போன்ல காட்டி ஓகே வாங்கினா அது ஓகே இல்லை. தாள்ல பிரிண்ட் போட்டு, வீட்டுல இருக்குற சின்னப் பிள்ளையையோ பெரியவங்களையோ தள்ளி நின்னு சத்தமா படிக்கச் சொல்லணும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவங்களை விட நல்ல டெஸ்டர் கிடையாது.

மூணு, ஔகாரம் இருந்தா குறியை க-வோட ஒட்டி, கொஞ்சம் சின்னதா வை. ஒரே எழுத்துன்னு கண்ணுக்குத் தெரியணும்.

நாலு, கோவமா போன் வந்தா, போன்லயே தீர்க்கப் பாக்காதே. ஏணியை எடுத்துக்கிட்டு நேர்ல போ. அவங்க நிக்கிற இடத்துல நின்னு பாரு. உன் தப்பு எதுவோ அதை மட்டும் முதல்ல சொல்லு. அவங்க தப்பை அவங்களே பார்த்துக்குவாங்க.

அஞ்சு, மன்னிப்புக்குப் பக்கத்துலயே ஒரு மணிக்கணக்கையும் சொல்லு. "எட்டு மணிக்குள்ள." அது இல்லாத மன்னிப்பு வெறும் பேச்சு.

இதெல்லாம் ஒரு சின்ன ஊர் போர்டுக் கடைச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 2020 ஜூன் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுல 1,018 ஊர்ப் பேர்களுக்குத் தமிழ் உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி புது இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை அரசு வெளியிட்டுச்சு. நல்ல நோக்கம்தான். ஆனா வேலூருக்குப் போட்ட இங்கிலீஷைப் படிச்சா 'வீலூர்'னு வந்துச்சு. கோயமுத்தூருக்கு எத்தனை எழுத்துன்னு எண்ணவே ஒரு ஆள் வேணும் போல இருந்துச்சு. ஊரே சிரிச்சுது, கொஞ்ச நாள்லயே அரசாணையைத் திரும்ப வாங்கிட்டாங்க. கடைப் பலகைக்கு தமிழ், இங்கிலீஷ், மத்த மொழி 5:3:2 அளவுல இருக்கணும்னு நமக்கு விதி இருக்கு. அளவுக்கு விதி போட்டுடலாம். ஒரு பேரை எப்படி எழுதினா அது அந்தப் பேரா இருக்கும்கிறதுக்கு, அந்தப் பேரோட வாழ்ந்தவங்களைத்தான் கேக்கணும்.

இப்ப நான் மறுபடி சென்னை. ஆபிஸ்ல போன மாசம் ஒரு கிளையன்ட் கடுப்பா மெயில் போட்டார். கை தன்னால பழைய மெயிலைத் தேடப் போச்சு. தேடி எடுத்துட்டேன், என் பக்கம் நியாயம் இருந்துச்சு. அனுப்பலை. "நானும் உங்களோட சேர்ந்து திரையைப் பார்க்குறேன், கூப்பிடவா?"ன்னு கேட்டேன். பார்த்தா பாதித் தப்பு எங்களோடது. மீதிப் பாதியை அவரே சொன்னார்.

அந்த 'ள' இன்னும் மாமா கடையிலதான் இருக்கு, கம்ப்யூட்டருக்கு மேல ஒரு ஆணியில தொங்குது. கொம்பை நான் சென்னைக்குக் கொண்டு வந்துட்டேன்.

டிஸ்கி: இந்தப் பதிவுல எத்தனை 'கௌ' சரியா அடிச்சிருக்கேன், எத்தனை கெ-வும் ள-வுமா அடிச்சிருக்கேன்னு தேடிப் பார்த்துச் சொல்றவங்களுக்கு, ஊருக்கு வந்தா மாமா கையால ஒரு பேர்ப்பலகை இலவசம். எழுத்துக்கூட்டலை மட்டும் கையால எழுதி அனுப்பணும், சரியா? :)